ஆன்டிவைரஸ் வாங்கினால் போதுமா?

கேள்வி: ஒரே கம்ப்யூட்டரில்தான் நாங்கள் பேங்க் வேலை பார்க்கிறோம், பிள்ளைகள் கேம் ஆடுகிறார்கள். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் போதுமா?

பதில்: வாங்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும் என்பது என் கட்சி. அதைவிட முக்கியம் அப்டேட். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பல நாடுகளைக் கலங்கடித்ததே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றவர்கள் மாட்டினார்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு மாறப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுங்கள். ஓசியில் இறக்கும் கிராக் கேமோடு பாஸ்வேர்டு திருடும் புரோகிராமும் ஒட்டிக்கொண்டு வரலாம். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுதான் அதற்கு முதல் தீனி. பேங்க் பாஸ்வேர்டை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

திடீரென்று திரை முழுக்க ‘வைரஸ்’ என்று அலறி ஒரு போன் நம்பர் வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பிரவுசரை மூடுங்கள். பேசிப் பணமும் போய்விட்டதென்றால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள்.