லோரி முதுகில் ஒட்டாதீர்கள்

ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் மோட்டார் இலேசாக ஓடும். எதிர்காற்றை லோரி தடுப்பதுதான் காரணம். மிச்சமாகும் எண்ணெய் என்னவோ சில காசுக்குத்தான். 72 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறோம். பிரேக் விளக்கைப் பார்த்துக் கை அமுக்குவதற்குள் இடைவெளி போய்விடும். லோரி தாண்டிய குழியும் சக்கரத்தடிக்கு வந்த பிறகே தெரியும். உதிரிப் பழம் நசுங்கிய ரோடு வழுக்கும், மழையில் கேட்கவே வேண்டாம்.

லோரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையா? ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். லோரி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணுங்கள். 3 நொடிக்குள் நீங்களும் அங்கே வந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். மழையென்றால் 5. முந்த வெளியே வரும்போது ஹேண்டலை இறுகப் பிடியுங்கள், தடைபட்ட காற்று மொத்தமாக முகத்தில் அறையும்.