ஆடையும் ஒளியும்: ஒளிப்படக்கலை பயில்வார்க்கு ஓர் அறிமுகம்

'போட்டோகிராபி' என்னும் சொல்லின் கிரேக்க வேர்களுக்கு 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது பேச்சில் வேரூன்றிவிட்டது. புகைக்கும் இக்கலைக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்டால் விடை கூறுவது எளிதன்று. நிழற்படம் என்பது பொருந்தும் பெயர். ஒளிப்படம் என்பது வேர்ப்பொருளோடு ஒத்த பெயர். இக்கட்டுரையில் அதனையே ஆள்கிறோம்.

ஒளிப்படக்கலையின் பல கிளைகளுள் ஆடையைப் படமெடுக்கும் கிளையே ஈண்டு ஆராயப்படுகிறது. 'ஃபேஷன் போட்டோகிராபி' என்றவுடன் நம் பெரியோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அச்சுளிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. துணியைக் காட்டுவதாகச் சொல்லி உடலைக் காட்டும் படங்கள் மலிந்திருப்பதை யார் மறுப்பர்? ஆயினும் அக்கலையின் அடிப்படை, துணியின்மேல் ஒளி எவ்வாறு விழுகிறது என்பதை அறிவதேயாகும். இன்று விளக்குத்தூண் பகுதித் துணிக்கடை முதல் வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாகச் சேலை விற்கும் பெண்கள் வரை பலரும் படத்தைக் காட்டியே வணிகம் செய்கின்றனர். படத்தில் அரக்குச் சிவப்பைக் கண்டு பணம் கட்டியவர் கைக்குச் செங்காவி வந்து சேர்ந்தால் துணி திரும்புகிறது, பெயரும் கெடுகிறது. எனவே இது பொழுதுபோக்குக்கான கல்வி மட்டுமன்று.

இருட்டறையும் நிழலும்

கேமரா என்னும் சொல்லுக்கு அறை என்பது பொருள். இருட்டறையில் சிறு துளை வழியே வரும் ஒளியை முறைப்படி ஆராய்ந்தவருள் முதன்மையானவர், பஸ்ராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் கருதியிருக்க, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காட்சி பிறக்கிறது என்று அவர் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றும் உள்ளே தனித்தனி ஒளிப்புள்ளியாக விழுவதைக் காட்டினார். ஒன்றை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. கிரகணத்தின்போது சூரியனின் பிறை வடிவம் துளை சிறிதாக இருக்கும்போதே சுவரில் தெளிவாகத் தோன்றுகிறது, துளை பெரிதானால் வடிவம் கெடுகிறது என்பதையும் தனி நூலில் விளக்கினார். இந்தச் செய்தியைக் கேமராவின் துளை பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுகூர வேண்டும்.

உருவம் வரைதல் பற்றி ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூறும் தகுதி ஒரு தமிழாசிரியருக்கு இல்லை. ஆயினும் ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்-முத்தீஈ, ஒளிப்படம் என்பது புதிதாக ஓர் உருவைப் படைத்தல் அன்று, விழும் நிழலைத் தடுத்து நிறுத்தி வைத்தலே என்று வாதிட்டு அதனை ஆகுமென்றார். நிழலைத் தடுத்தல் என்னும் அவர் விளக்கமும் நிழற்படம் என்னும் நம் சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கருத்தைத் தொட்டு நிற்பது வியப்புக்குரியது.

மதுரையில் கேமரா

மதுரைக்கு இக்கலை புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். அவர் 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். திருமலை நாயக்கர் அரண்மனை, மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம் ஆகியவை அவருடைய படங்களில் இன்றும் உள்ளன. மெழுகூட்டிய காகிதத்தையே அவர் எதிர்ப்படச்சுருளாகப் பயன்படுத்தினார். காகிதத்தில் ஒளி பதிய நெடுநேரம் ஆனதால் கல் தெளிவாகப் பதிந்தது. நடமாடிய மனிதர் பதியவில்லை. வெறுமையாக விழுந்த வானத்தில் அவரே வண்ணக்குழம்பால் மேகம் தீட்டியதும் உண்டு. படத்தைத் திருத்துவது கணிப்பொறி வந்தபின் தோன்றிய வழக்கம் என்று எண்ணுவோர் இதனை அறிதல் நலம்.

புதுமண்டபத் தூண்களினூடே நெடுங்காலம் தையற்பொறிகள் ஓடின. நம் சமுதாயத்துத் தையற்கலைஞர் பலர் அங்கே அழகர் திருவிழாவுக்குரிய உடைகளைத் தைத்தனர். பின்னர் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. டிரைப்பின் கருவிக்குச் சிக்காத அத்தகைய மனிதரையும் அவர்கள் கைப்பட்ட துணியையும் இன்றைய மாணவர் தம் கைப்பேசியாலேயே பதிவு செய்ய இயலும். அதற்கு வேண்டியது மூன்று அளவுகளைப் பற்றிய அறிவு.

மூன்று அளவுகள்

முதலாவது, வில்லையின் துளை. கடைக்காரர் இதனை 'அப்பர்ச்சர்' என்பர். எஃப் 2, எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். இது மாணவரைக் குழப்பும் இடம். வில்லையின் குவியத்தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும் என்று அறிந்தால் குழப்பம் தீரும். 50 மில்லிமீட்டர் வில்லையில் எஃப் 2 என்பது 25 மில்லிமீட்டர் துளை. எஃப் 16 என்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். துளை சிறிதானால் முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் யாவும் தெளிவாகும். பெரிதானால் ஒரு தளம் மட்டும் தெளிந்து ஏனையவை மங்கும். இப்னு அல்-ஹைதம் கண்டது வில்லையில்லாத் துளை. எனினும் சிறுதுளை தெளிவு தரும் என்னும் நெறி இரண்டுக்கும் பொது.

இரண்டாவது, ஒளி உள்ளே வரும் நேரம். 1/125 நொடியில் நிற்கும் மனிதர் தெளிவாக விழுவர். காற்றில் பறக்கும் முந்தானையை நிறுத்த 1/500 நொடி வேண்டும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன். இதை மிகக் கூட்டினால் படத்தில் மணற்பொரி போன்ற புள்ளிகள் தோன்றித் துணியின் இழை மறையும். ஆடையைப் படமெடுப்பவர் 100 அல்லது 200-ஐ விட்டு அகலாதிருத்தல் நன்று.

முற்காலப் படக்காரர் ஒளிமானி இன்றியே கணித்த முறை ஒன்றுண்டு. தெளிந்த வெயிலில் எஃப் 16 வைத்து, உணர்திறன் 100 ஆனால் நேரத்தை 1/100-க்கு அண்மையில் 1/125 என்று கொள்வர். துளையை ஒரு படி பெரிதாக்கி எஃப் 11 ஆக்கினால் நேரத்தை 1/250 ஆகவும், எஃப் 8 ஆக்கினால் 1/500 ஆகவும் குறைத்தால் போதும்; உட்புகும் ஒளி மாறாது. சீர் மாறினும் தளை கெடாமல் காக்கும் யாப்பறிவு உடையார்க்கு இக்கணக்கு கடினமன்று.

பொழுதறிதல்

தமிழ் மரபு நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்தது. ஒரு பொழுது பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். ஒளிப்படக்காரருக்கு இதைவிடச் சிறந்த கால அட்டவணை இல்லை. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் கதிரவன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. அப்போது புருவத்தின் நிழல் கண்ணையும், மூக்கின் நிழல் உதட்டையும் மூடும்; துணியின் மடிப்பு தட்டையாகிவிடும். நண்பகல் பாலைக்குரிய பொழுது. படத்துக்கும் அது பாலையே. எற்பாட்டுக்கு உரையாசிரியரிடையே பொருள் வேறுபாடு உண்டெனினும், பிற்பகல் எனக் கொள்வோர் கருத்தே நமக்கு ஈண்டுப் பயன்படுவது. மூன்றரை மணிக்குமேல் வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் துணியின் இழை பேசத் தொடங்குகிறது.

இடத்தின் நிறமும் கவனத்துக்குரியது. வாடிப்பட்டிப் பக்கத்து நெல்வயல் நடுவே வெள்ளை வேட்டியுடன் ஒருவரை நிறுத்தினால் வேட்டியின் கீழ்ப்பகுதியில் பச்சை படியும். செம்மண் தரையில் அதுவே இளஞ்சிவப்பாகும். வைகையின் வெண்மணல், ஒளியைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பித் தரும். விலைகொடுத்து வாங்கும் ஒளித்திருப்பிப் பலகை செய்யும் வேலையும் இதுவே.

வெள்ளை, கருப்பு, சுங்குடி

கேமராவின் ஒளிமானி, தன்முன் உள்ள உலகம் யாவும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. இதனால் வெள்ளைத் துணி படத்தில் சாம்பலாகிறது. கருப்புத் துணியும் சாம்பலாகிறது. பெருநாள் தொழுகை முடிந்து வெள்ளுடையில் நிற்கும் கூட்டத்தைப் படமெடுத்தால் துணி அழுக்கேறியதுபோல் விழுவதற்குக் காரணம் இதுதான். வெள்ளைக்கு ஒளியை ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். கருப்புப் பர்தாவுக்கு அதே அளவு குறைக்க வேண்டும். கைப்பேசியிலும் இதற்குரிய வசதி உண்டு. திரையைத் தொட்டால் தோன்றும் சூரியக்குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

இனிச் சுங்குடி. சௌராட்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கலை இது. 2005-இல் புவிசார் குறியீடும் பெற்றது. துணியை நகநுனியளவு கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால், கட்டிய இடம் வெள்ளைப்புள்ளியாக நிற்கும். அப்புள்ளி தட்டையானதன்று; கட்டின் சுருக்கம் சிறு மேடாக எழுந்து நிற்கும். இன்று சுங்குடி என்ற பெயரில் அச்சிட்ட துணியே மிகுதி. அச்சுப்புள்ளிக்கு மேடு இல்லை. நேரெதிரே மின்னொளி பாய்ச்சி எடுத்த படத்தில் கட்டுச்சுங்குடியும் அச்சுச்சுங்குடியும் ஒன்றுபோலவே தோன்றும். பக்கவாட்டு ஒளியில் எடுத்தாலோ ஒவ்வொரு புள்ளியும் தன் நிழலைத் தானே காட்டும். ஒருவர் பல நாள் அமர்ந்து கட்டிய உழைப்புக்குரிய விலை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் விளக்கை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றால் மிகையன்று.

துணியும் எழுத்தும் ஒருங்கே வாழ்ந்த ஊர் இது. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருந்தார். அறுவை என்றால் துணி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் துணிக்கடை வீதியை வருணிக்கிறது.

கற்க வேண்டிய கலைஞர்

நூலைப் பாடம் கேட்பதுபோலவே படத்தையும் பாடம் கேட்க வேண்டும். எட்வர்ட் ஸ்டைகன் 1911-இல் பாரிசில் புவாரே என்னும் தையற்கலைஞரின் ஆடைகளை எடுத்த படங்களை இக்கிளையின் தொடக்கம் என்பர். அதனினும் நம் மாணவர்க்குப் பயன்படுவது ரிச்சர்ட் அவெடன் 1955-இல் எடுத்த படம். பாரிசில் ஒரு சர்க்கஸ் அரங்கில், யானைகளுக்கு நடுவே டியோர் நிறுவனத்தின் கரிய உடையும் நீண்ட வெண்கச்சும் அணிந்து தோவிமா என்னும் பெண் நிற்கிறார். யானைத்தோலின் சுருக்கத்தால்தான் பட்டின் வழவழப்பு நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. சொரசொரப்பை அருகில் வைத்து மென்மையைக் காட்டும் இவ்வுத்திக்கு நமக்கு யானை வேண்டுவதில்லை. கருங்கல் தூண் போதும். யானையின் காலில் சங்கிலி கிடப்பதையும் பார்ப்பவர் கண் விடுவதில்லை.

என் கருத்தில் நம் மாணவர் முதலில் பயில வேண்டியவர் இர்விங் பென். 1948-இல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் உள்ளூர்ப் படக்கடையை வாடகைக்கு எடுத்து, சாளர வெளிச்சத்திலேயே மலைவாழ் மக்களைப் படமெடுத்தார். பின்னர் ஒரு கூடாரத்தையே படநிலையமாக்கிப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றார். 1971-இல் மொராக்கோவில் முழுதும் போர்த்திய பெண்களை அவர் எடுத்த படங்களில், முகத்தைக் காட்டாதவர்களும் உண்டு. துணியின் மடிப்பும் நிற்கும் நிமிர்வும் மட்டுமே அங்கே பேசுகின்றன. முகமும் மேனியும் தெரிந்தால்தான் ஆடைப்படம் என்பார்க்கும், ஆடைப்படமே ஆகாது என்பார்க்கும் அவை ஒருங்கே விடை சொல்கின்றன.

தமிழகத்தில், வெங்கட்ராம் 2020-ஆம் ஆண்டு நாட்காட்டிக்காக ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகையரைக் கொண்டு மீட்டெடுத்தார். சுஹாசினியின் 'நாம்' அறக்கட்டளைக்கான பணி அது. ஓவியத்தையும் படத்தையும் அருகருகே வைத்து, மூக்கின் நிழல் எப்பக்கம் விழுகிறது என்று பார்த்தால் விளக்கை எங்கே வைத்தார் என்று கண்டுபிடித்துவிடலாம். விளம்பர ஒளிப்படக் கலைஞர் இக்பால் முகமது, கலிபோர்னியாவின் புரூக்ஸ் நிறுவனத்தில் பயின்றவர். 2001-இல் துணைவியார் அனுராதாவுடன் உதகையில் 'லைட் அண்ட் லைஃப் அகாடமி'யைத் தொடங்கினார். இக்கலையை முழுநேரக் கல்வியாகக் கற்க நம் மாணவர் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை.

மாணவியர் பற்றி ஒரு சொல். நம் நிக்காஹ் நிகழ்ச்சிகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படக்காரரே வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பல, கிடைப்பவரோ சிலர். மகளுக்குக் கேமரா எதற்கு என்று கேட்கும் பெரியோரே தம் வீட்டுத் திருமணத்துக்கு அத்தகைய ஒருவரைத் தேடி அலைகின்றனர். எடுத்த படம் யாருக்கு உரியது, யார் பார்க்கலாம், கடையின் விளம்பரத்தில் வெளியிடலாமா என்பவற்றை மணவீட்டாரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுதல் அத்தொழிலின் முதற்கடமை. படமெடுத்தபின் கேட்பது கேட்பதாகாது.

பயிற்சியைத் தொடங்க விரும்புவோர் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கருப்புத் துணி, ஒரு கட்டுச்சுங்குடி ஆகிய மூன்றையும் தாழ்வாரக் கொடியில் தொங்கவிட்டு, காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கரைக்கும் படமெடுக்கலாம். படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்களே. அந்த எண்ணிக்கையையே வரம்பாகக் கொள்க. ஒவ்வொரு படத்தின் துளை, நேரம், உணர்திறன், பொழுது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். மனிதரைப் படமெடுப்பது அதன்பின்.