கணிப்பொறிகளின் எண்ணுடன்படிக்கை

கணிப்பொறி யொன்று, தன்னகத்தே வட்டு இல்லாதவிடத்தும், வலையின் வழியே தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் தரவை எழுதவும் படிக்கவும் கூடும். இதற்கென வகுக்கப்பட்ட விதித்தொகுதிகளுள் ஐஸ்கஸி என்பது ஒன்று. இன்டர்நெட் என்ஜினியரிங் டாஸ்க் ஃபோர்ஸ் என்னும் சபை 2004-ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 3720 என வெளியிட்ட இதனை, 2014-இல் ஆர்.எஃப்.சி. 7143 எனத் திருத்தித் தொகுத்தது. இதன்கண் எண்கள் உடன்படுத்தப்படும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

சேமிப்பை வேண்டும் பொறியைத் தொடங்குநர் என்றும், அளிக்கும் பொறியை இலக்கு என்றும் அழைப்போம். இவ்விரண்டும் வெவ்வேறு தொழிலகங்களிற் செய்யப்பட்டனவாக இருக்கலாம். ஒன்றன் கொள்ளளவு பெரிதாகவும் மற்றதன் கொள்ளளவு சிறிதாகவும் இருக்கலாம். ஆதலின் நுழைவுக் கட்டத்திலேயே, பெயரும் மதிப்புமாக எழுதி, எல்லைகளைப் பேசிக்கொள்கின்றன. ஒருவர் ஓர் எண்ணை முன்மொழிவர்; மற்றவர் விதிப்படி தேர்ந்து விடை கூறுவர்; அவ்விடையே முடிபு. சந்தையிற்போல மீண்டும் மீண்டும் பேரம் பேசுதல் இல்லை.

ஒரு தரவுத் தொடரின் பேரெல்லையைக் குறிப்பது மாக்ஸ்பர்ஸ்ட்லெங்த். இதற்குச் சிறியதே கொள்க என்பது விதி. தொடங்குநர் 262144 பைட்டு என்று முன்மொழிய, இலக்கு 131072 மட்டுமே தாங்குமாயின், 131072 என்று விடை கூறும். இலக்கு 524288 தாங்குமாயினோ, தன் வலிமையைப் பறைசாற்றாது, 262144 என்றே கூறல்வேண்டும். 524288 என்று கூறின், அது விதிக்கு ஒவ்வாத விடையாம். நுழைவு தோல்வியுற்றதாகக் கருதப்பட்டு இணைப்பும் அறுக்கப்படும்.

எல்லா எண்களுக்கும் சிறியதே பொருந்துமோ எனின், பொருந்தாது. இணைப்பு எதிர்பாராது அறுந்தபின், மீண்டும் இணையுமுன் காத்திருக்கவேண்டிய குறைந்த காலத்தைக் குறிப்பது டிஃபால்ட்டைம்2வெயிட். இதில் ஒருவர் 2 வினாடி என்றும் மற்றவர் 5 வினாடி என்றும் வேண்டின், 5 என்பதே முடிபு. குறைவாகக் காத்தால் இரண்டாமவருக்கு அவகாசம் போதாது. அக்காத்திருப்பின்பின் முடியாத பணிகளை எத்துணைக் காலம் வைத்திருப்பது என்பதற்கோ சிறியதே கொள்ளப்படும். இயலாதவரை நெடிது சுமக்கச் செய்தல் தகாதன்றோ?

இனி, உடன்பாடே வேண்டாத எண்ணும் உண்டு. ஒரு பொதியில் தான் ஏற்கக்கூடிய தரவின் அளவை ஒவ்வொருவரும் தாமே அறிவிப்பர். தொடங்குநர் 65536 என்றும் இலக்கு 8192 என்றும் அறிவிப்பின் இரண்டும் செல்லும். அவரவருக்கு அனுப்புவோர் அவரவர் எல்லையைக் காத்தல் வேண்டும்.

மாணாக்கர் சிறப்பாக நோக்கத்தக்கது பிறிதொன்று. கேளாமுன் அனுப்பும் தரவின் எல்லையாகிய ஃபர்ஸ்ட்பர்ஸ்ட்லெங்த், மாக்ஸ்பர்ஸ்ட்லெங்த்தை விஞ்சலாகாது. பேசப்படாத எண்ணுக்கு இயல்பு மதிப்பே நிற்கும். முன்னதற்கு அது 65536. ஆகவே பின்னதை மட்டும் 32768 ஆகக் குறைத்து, முன்னதைப் பேசாது விட்டால், முரண் விளையும். ஓரெண்ணைக் குறைப்போன் அதனைச் சார்ந்த எண்ணையும் நோக்குக.

பெரியதோ சிறியதோ, எந்த எண் எவரையும் அவர்தம் ஆற்றலுக்கு அப்பால் தள்ளாதோ அதுவே இவ்விதிகளின் தேர்வு. இக்காரணத்தை உணர்ந்தோர்க்கு அட்டவணையை மனனஞ் செய்யும் வருத்தம் பெரிதும் குறையும்.