கைபேசிக்கு அரை மணி ஓய்வு

மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றோர் ஊர். மாலை 7 மணிக்குக் கோயில் சைரன் ஒலித்தால் ஒன்றரை மணி நேரம் கைபேசியும் தொலைக்காட்சியும் அணைக்கப்படும். 2022 ஆகஸ்டில் ஊரே கூடி எடுத்த முடிவு.

குடவோலைக் கல்வெட்டை நடத்திய வாரத்தில் இதை ஏழாம் வகுப்பில் சொன்னேன். உத்திரமேரூர்ப் பிள்ளைகள் விடுவார்களா? இரவுச் சாப்பாட்டை ஒட்டி அரை மணி என்று அவர்களே விதி எழுதினார்கள். மறுநாள் காலையில் உண்மைக் கணக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் எல்லோரிடமும் கேட்டேன். என் கணக்கைச் சொல்லவில்லை. (சொல்லும்படியாகவும் இல்லை. வாட்ஸ்ஆப் குழுச் செய்திகள் குவிவது அந்நேரத்தில்தான்.)

"கணக்குக் காட்டாதவங்க வாரியத்துல இருக்கக் கூடாதுன்னு கல்வெட்டுல இருக்கே, சார்?" என்றாள் ஒரு மாணவி.

அன்று முதல் என் பெயரும் கரும்பலகையில் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கைபேசி அலமாரிக்குள். இந்த வாரம் ஐந்து நாளில் மூன்று நாள் தேறியிருக்கிறேன்.