உள்ளங்காலையும் பாருங்கள்

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்று பலர் நம்புகிறார்கள். குறைவாக வரும், அவ்வளவுதான். பாடகர் பாப் மார்லி 1981-இல், 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால்.

தோல் புற்றுநோயின் முக்கிய வகைகள் மூன்று. பேசல் செல் வகை பெரும்பாலும் முகத்தில் பளபளப்பான சிறு கட்டியாக வந்து மெல்ல வளரும். நம் தோலில் அது கறுப்பாகவும் இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். ஸ்குவாமஸ் செல் வகை பழைய தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் கிளம்பக்கூடும். மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்குக் களிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மூன்றிலும் கொடியது மெலனோமா. நம்மவர்களுக்கு அது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறது.

மாதம் ஒருமுறை, குளித்ததும், கண்ணாடி வைத்துப் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். புதிய கறுப்புப் புள்ளி, ஓரம் கோணலாகிப் பல நிறம் காட்டும் மச்சம், ஒரே நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு தென்பட்டால் தோல் மருத்துவரிடம் போகவேண்டும். (பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது நம் நிறத்துக்கு இயல்புதான்.)

நகப்பூச்சு, மருதாணி இல்லாமல் போங்கள். விளக்குள்ள உருப்பெருக்கியான டெர்மோஸ்கோப்பால் பார்ப்பார்கள்; வலிக்காது. சந்தேகமிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு தோலைப் பயாப்சிக்கு எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பயாப்சி செய்தால் புற்று பரவிவிடும் என்பது வீண் பயம். அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.