பாக்கிப் பட்டியலில் விடுபட்டவர் யார்?

கடன் கொடுக்காமல் மளிகைக் கடை நடத்துவது அரிது. யார் எவ்வளவு பாக்கி என்பதை முன்பு பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். இன்று நம்மில் பலர் கம்ப்யூட்டரிடம் கேட்கிறோம். கேள்வி தவறாக இருந்தால் அதுவும் தயங்காமல் தவறான பட்டியலையே தரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓட்டல்காரர் ரூ.3,000, ரூ.2,000 என இரண்டு பில்லுக்குச் சரக்கு எடுத்தார். ரூ.1,000, ரூ.1,500 என இரு தவணை கட்டினார். பாக்கி ரூ.2,500. டீக்கடைக்காரர் ரூ.4,000க்கு எடுத்தார், ஒரு பைசா கட்டவில்லை. ஆக மொத்தப் பாக்கி ரூ.6,500.

பில் பதிவையும் வரவுப் பதிவையும் அப்படியே இணைத்தால் என்ன ஆகும்? ஓட்டல்காரரின் ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடும் சேர்ந்து நான்கு வரிகளாகும். பில் ரூ.10,000, வரவு ரூ.5,000, பாக்கி ரூ.5,000 என்று இரட்டிப்பாகக் காட்டும். டீக்கடைக்காரருக்கு வரவே இல்லாததால் அவர் பெயரே வராது! ஒழுங்காகக் கட்டுபவரிடம் கூடுதலாகக் கேட்டு மனஸ்தாபம். கட்டாதவரிடம் கேட்காமல் விட்டு நஷ்டம்.

இதைத் தவிர்க்கப் படிப்படியாகச் செல்வோம்.

1. எந்தத் தேதி வரை, யாருடைய பாக்கி வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுவோம்.

2. பில் தொகையை மட்டும் ஆள்வாரியாகக் கூட்டுவோம். ஓட்டல் 5,000, டீக்கடை 4,000.

3. வரவை மட்டும் தனியாகக் கூட்டுவோம். ஓட்டல் 2,500. சரக்குத் திரும்பி வந்திருந்தால் அதையும் இப்படியே தனியாகக் கூட்ட வேண்டும்.

4. வாடிக்கையாளர் பட்டியலை அடிப்படையாக வைத்து, இவ்விரு கூட்டல்களையும் அதனுடன் சேர்ப்போம். எதிரே தொகை இல்லாதவரை நீக்காமல் பூஜ்யம் போட வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியில் இவ்வகை இணைப்புக்கு 'லெஃப்ட் ஜாயின்' என்று பெயர். மென்பொருள் அமைத்துத் தருபவரிடம் இச்சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

5. பில்லிலிருந்து வரவைக் கழிப்போம்.

6. கடைசியாகச் சரிபார்ப்பு. மொத்த பில் 9,000, மொத்த வரவு 2,500, மீதி 6,500. பட்டியலின் கூட்டுத்தொகையும் இதுவாகவே இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் முந்தைய படிகளுக்குத் திரும்பி, எந்தப் படியில் பிசகியது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் விடையைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்த மாதப் பாக்கிப் பட்டியலை எடுத்ததும், இதுவரை ஒரு பைசாவும் கட்டாத ஒருவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.