இரண்டு லிட்டர் என்றால் இரண்டு லிட்டர்தான்

அன்புத் தம்பிக்கு,

சென்னை நந்தனம் வட்டாரத்து வீடுகளை இனி நீதான் பார்க்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷினை இறக்கி, ட்யூபை மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிற வேலை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதே. நீ கொண்டுபோவது மருந்து. அதற்கு நேரம் உண்டு, அளவும் உண்டு.

ஓய்வில் இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள், தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1981-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. நம் வீடுகளிலோ மூச்சு வாங்கும்போது அரை மணி போட்டுவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு 5 யூனிட்டுக்கு மேல் ஆகும். முதல் நாளே கணக்கைச் சொல்லிவிடு.

அளவுதான் பெரிய தலைவலி. டாக்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் எழுதியிருப்பார். ராத்திரி அப்பாவுக்கு இளைப்பு கூடினால் மகன் பாசத்தில் குமிழை 5-க்குத் திருகிவிடுவார். ஆக்சிமீட்டர் 98 காட்டும், வீடே நிம்மதியாகும். ஆனால் இந்த நோயில் பெரும்பாலும் 88 முதல் 92 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கிவிடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்றால் உடனே டாக்டருக்குப் போன் போடச் சொல். மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். குமிழுக்குப் பக்கத்தில் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டு.

ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆபத்து. அதற்காகப் பூஜை விளக்கை அணைக்கச் சொல்லிப் பாட்டியிடம் வாதாடாதே. ட்யூப் அந்தப் பக்கமே போகாதபடி மெஷினை நகர்த்து. சாம்பிராணிப் புகைக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதே. மெஷினின் பில்டரைக் கழற்றிக் காட்டு. அதில் படிந்திருக்கும் கரியைப் பார்த்தபின் நீ பேச வேண்டியிருக்காது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, பக்கத்துச் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் வெள்ளத்தில் மிதந்தன. அப்படி ஒரு மழையில் கரண்ட் போனால் கான்சென்ட்ரேட்டர் வெறும் பெட்டி. அப்போது சிலிண்டர்தான் கைகொடுக்கும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் ஓடும். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, அதன் சாவி எங்கே, திறக்க யாருக்குத் தெரியும் என்று பார்த்துவிடு.